சயாம் பேசிய ஓரகத்தி

காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தோளிலிருந்த மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவள் வரிசையை விட்டு முன்னே போன அந்த நடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. களத்தின் நடுவே சைக்கிளைப் பிடித்தபடி ஒரு சயாம் அதிகாரி நின்றிருந்தார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணி அவரிடம் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார், மலாயில் ஒன்று சொன்னார், பிறகு கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வெள்ளைக்காரத் துரை இருந்த நாளில் அந்தக் கிராணியின் வாயைப் பார்த்துத்தான் தோட்டமே நின்றது. அன்று அவர் வாயடைத்து நிற்க, என் கணவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு போய் அந்த அதிகாரியிடம் சயாம் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நாலு மாநிலத்த ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துட்டானாம். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு. இனிமே நம்ம ஊரு பேரு சைபுரியாம்."

கூட்டம் அவளையே பார்த்தது. என் கணவரும் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த அந்த வரிசை வீட்டு லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண் நான்தான். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். வாத்தியார் பிரம்பைத் தூக்கினால் ஒன்பது மாநிலங்களையும் அவற்றின் தலைநகரங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். கல்யாணமாகி வந்தபோது, "படிச்ச மருமக" என்று மாமியார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரகத்திக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஜித்ராவுக்கும் வடக்கே, சயாம் எல்லைக்குப் பக்கத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா மாட்டுவண்டியில் சரக்கேற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய் வருவார். வண்டியில் கூடவே போய்ப் போய், நெல் வயலில் வேலை செய்யும் சயாம் குடியானவர்களிடம் அவர்கள் பேச்சையும், மலாய்க்காரர்களிடம் மலாயையும், சந்தையில் சீனத்தையும் காதாலேயே பிடித்துக்கொண்டவள். நான் பாட்டாகப் பாடிய மாநிலங்களை அவள் காலால் நடந்து பார்த்திருந்தாள்.

அவளைக் கண்டு பொறாமைப்பட என்ன இருந்தது என்று பிற்காலத்தில் எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவரை ஜப்பான்காரர்கள் மரண ரயில் போடச் சயாமுக்குக் கொண்டுபோய் ஒரு வருடமாகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை. எனக்கோ கணவர் பக்கத்திலேயே இருந்தார், இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. இருப்பவள் இல்லாதவளைப் பார்த்துப் பொறாமைப்படுவாளா என்று கேட்பவர்கள், ஒரே அடுப்பில் இரண்டு பெண்களாகச் சமைத்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நாள் முதல் எங்கள் லயம் அவளுடைய லயமாகிவிட்டது. மாலை நேரத்தில் வாசலில் ஆட்கள் கூடுவார்கள். அவள் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டுவாள். மேலே ஜித்ரா, சுற்றிலும் நெல். கடலோரம் கோலா கெடா, ஆற்று வாயில் மீன். கிழக்கே மலை. கீழே நாம் இருக்கிற கூலிம் பக்கம் ரப்பர் காடு. எங்கள் தோட்டத்துக் கடைசியில் ஓர் ஓடை ஓடியது. அதன் கரையில் எல்லைக் கல் நின்றது. ஓடைக்கு இந்தப் பக்கம் கெடா, அதாவது இப்போது சயாம். அந்தப் பக்கம் பினாங்கைச் சேர்ந்த மண், ஜப்பான்காரனுடையது. ஒரே ரப்பர் மரத்தின் நிழல் இரண்டு ராஜாங்கத்திலும் விழும்.

"நெல்லு இந்தப் பக்கம். மருந்தும் துணியும் அந்தப் பக்கம். நடுவுல முழங்கால் அளவு தண்ணி. இதுக்குப் போயி சாவுறதா?" என்று சிரிப்பாள்.

சொன்னதைச் செய்தும் காட்டினாள். அரிசியைத் துணிப்பையில் போட்டு இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, காவல் போலீஸ் சாப்பிடப் போகும் உச்சி வேளையில் ஓடையைத் தாண்டுவாள். இந்தப் பக்கம் நின்ற சயாம் போலீஸ்காரர்கள் அவள் பேச்சுக்காகவே கண்ணை மூடிக்கொண்டார்கள். திரும்பும்போது துணியோ, சோப்புத் துண்டோ, மாத்திரையோ வரும். நாங்களெல்லாம் சாக்குத் துணி கட்டிக்கொண்டு, மரவள்ளிக் கிழங்கு தின்று வயிறு ஊதிக் கிடந்த காலம் அது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் தேடினார்கள். கடிதம் எதுவும் வராத காலத்தில் என்னை யார் தேடுவார்கள்?

என் மகளும் அவளிடமே ஒட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும். முதலில் அவள் வாயில் வந்த சொல் 'பெரியம்மா'. தடுக்கி விழுந்தால் என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம் ஓடும். "அண்ணிகிட்ட கேட்டுக்குவோம்" என்பது என் கணவருக்கு மூச்சுக்கு மூச்சு வரும் வார்த்தையாகிவிட்டது. அவர்கள் இருவருக்கும் இடையில் தவறாக ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

குழந்தைக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் உடம்பு தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் காலை நான் மடியில் போட்டுத் தட்டத் தட்ட, அது "பெரியம்மா, பெரியம்மா" என்று வீறிட்டது. என் மார்பைத் தள்ளிவிட்டது. என் கணவர் வேலைக்குக் கிளம்பியவர் நின்று, "அண்ணிகிட்ட கொடு. அவங்ககிட்டதான் அடங்கும்" என்றார். ஓரகத்தி வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்து அடங்கிப்போனது. சற்று நேரம் வைத்திருந்து, தூங்கியதும் என் மடியில் கிடத்திவிட்டு வெளியே போனாள்.

நடுப்பகலில், ஆட்களிடம் வேலை வாங்கும் மண்டோர் லயத்துப் பக்கம் வந்தான். அவன் அந்தப் பக்கத்து ஜப்பான் காவல் கொட்டகைக்குச் சேதி கொண்டுபோய்க் கொடுத்துச் சிகரெட் வாங்குபவன் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"உன் ஓரகத்தி எங்க? கெழங்குக் காட்டுல ஆளக் காணோம்" என்றான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். "அவளுக்கு இங்க என்ன வேலை? அவ வேலையெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கந்தான்" என்றேன். சொன்னபோது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதியே பயனில்லை. அவன் நின்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக நடந்தான். அவன் முதுகு மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அப்போதும் நான் எழுந்து ஓடவில்லை.

திரும்பி வரும்போது அந்தக் கரையில் அவளைப் பிடித்தார்கள். அரிசி கைமாறிப் போயிருந்தது. முந்தானையில் குளிர் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைகள் மட்டும் இருந்தன. சிப்பாய் அவற்றைத் தரையில் கொட்டிப் பூட்ஸ் காலால் மிதித்தான். கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்தான். பிறகு எல்லைக் கல்லருகே முழந்தாளிட வைத்து, ஒரு பெரிய கல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். கை தாழ்ந்தபோதெல்லாம் அடி. இந்தக் கரையிலிருந்து எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போகவில்லை. என் கணவர் போய், பொழுது சாயும்போது அவளைத் தோளில் தாங்கி அழைத்து வந்தார்.

வாசலில் உட்கார்ந்ததும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி மண். மிதிபட்ட மாத்திரைத் தூளை மண்ணோடு சேர்த்து வழித்து முடிந்திருந்தாள்.

"தண்ணியில கரைச்சுத் தெளிய வச்சு ஊத்து, புள்ள. மண்ணு அடியில தங்கிடும்" என்றாள். அவள் வலக் காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வழிந்து காய்ந்திருந்தது.

நான் கரைத்தேன். தெளிந்த கசப்பு நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். மறுநாள் குழந்தைக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. மருந்தால் இறங்கியதா, தானாகவே இறங்கியதா, எனக்குத் தெரியாது. அவளுடைய அந்தக் காது மட்டும் பிறகு திறக்கவே இல்லை. நான்கு மொழியைக் கேட்டே கற்றவளுக்கு ஒரு காது போயிற்று.

ஜப்பான்காரன் போனான். நான்கு மாநிலங்களும் திரும்பி வந்தன. சைபுரி என்ற பெயர் யாருடைய வாயிலும் தங்கவில்லை. அவளுடைய கணவர் வரவில்லை. அவள் தோட்டத்தை விட்டுக் கோலா கெடாவுக்குப் போய்ச் சந்தையில் மீன் விற்றுப் பிழைத்தாள். வருடத்துக்கு இரண்டு முறை கருவாட்டுக் கட்டோடு வந்து என் மகளைப் பார்த்துவிட்டுப் போவாள். மகளின் கல்யாணத்தன்று மணமக்கள் முதலில் விழுந்தது அவள் காலில்தான். பிறகுதான் என் காலில். அந்த நேரத்திலும், பட்டுச் சேலை உடுத்தி நின்ற எனக்குப் பழைய எரிச்சல் பொங்கியது. செய்த துரோகம் பொறாமையைத் தீர்க்கும் என்று யாராவது நினைத்தால், இல்லை, அது எண்ணெய்தான் ஊற்றும்.

என் கணவர் இறந்த பிறகு ஒரு நாள் பஸ் ஏறிக் கோலா கெடாவுக்குப் போனேன். படகுத்துறைக்குப் பின்னால் இருந்த வீட்டு வாசலில் மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தைரியம் போய்விடுமுன் சொல்லிவிட்டேன். அவள் மீனைத் திருப்பிப்போட்டுச் செதில் சீவிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் கண்டேன், நான் உட்கார்ந்திருந்தது அவளுக்குக் கேட்காத பக்கம். எழுந்து சுற்றிப்போய் இடப் பக்கம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"தெரியும், புள்ள. கல்லத் தூக்கிக்கிட்டு நிக்கையிலேயே மண்டோரு சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பக் கேட்டா நீ அழுவ. புள்ளைக்குப் பால் வத்திப்போயிடும்லா."

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அழுவேன் என்று நினைத்தேன். கண்ணில் ஈரமே இல்லை. அடிபட்டு நின்ற அந்த நேரத்திலும் என் குழந்தையின் பாலை நினைக்க அவளால் முடிந்திருக்கிறது. பெற்றவள் நான் என்ன நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்? மன்னிப்புக் கேட்கப் போனவள், அவள்மேல் இன்னொரு பொறாமையைச் சேர்த்துக்கொண்டு வீடு வந்தேன்.

அவள் போய்ப் பல வருடங்களாயிற்று. அந்த ஓடையை இப்போது குழாயில் அடைத்து மேலே தார்ச் சடக்கு போட்டுவிட்டார்கள். கூலிம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் பினாங்கு மண்ணிலிருந்து கெடாவுக்குள் ஒரு நொடியில் வந்துவிடுகின்றன. உள்ளே இருப்பவர்கள் தூக்கத்தில் இருப்பார்கள். என் மகள் ஆண்டுதோறும் பெரியம்மாவுக்குத் திதி கொடுத்துப் படையல் போடுகிறாள். நடந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் யாருக்காக அழுவாள் என்பது எனக்குத் தெரியும்.