நான் ஏற்றாத கறுப்புத் துணி

கறுப்புத் துணியை நான் ஏற்றவில்லை. ஏற்ற வேண்டியவன் நான். தெரிந்தே ஏற்றாமல் இருந்தேன்.

இதுதான் என் குற்றம். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல முடிகிறது.

நான் நெடுந்தீவில் மாடு வளர்ப்பவன். படிப்புக் குறைவு. பேச்சும் குறைவு. வீடும் தொழுவமுமாக என் வளவு இறங்குதுறைக்குப் பக்கத்தில்.

எங்கள் தீவில் மாடு உண்டு, வைக்கோல் போதாது. அனலைதீவில் வயல் உண்டு, உழ எருது போதாது. முதல் மழை விழுந்ததும் எங்கள் எருதுகள் வத்தை என்னும் பாய்ப்படகில் ஏறி அங்கே போகும். அறுவடை முடிந்ததும் அந்த வத்தையில் வைக்கோல் இங்கே வரும். அப்படித்தான் இரண்டு தீவும் பிழைத்தன.

ஒரு முறை வெக்கை நோய் வந்தது. மாட்டின் வாயைப் புண்ணாக்கி, வயிற்றைக் கழியவைத்துக் கொல்லும் நோய். தீவு தீவாகத் தாவியது. அது ஓய்ந்த பிறகு எல்லாத் தீவுக்காரரும் நயினாதீவில் கூடினார்கள். சைவரும் வந்தார்கள், கிறிஸ்தவ வேதக்காரரும் வந்தார்கள். அவரவர் தெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்கள். நோய் கண்ட தீவு, துறைக் கம்பத்தில் கறுப்புத் துணி ஏற்ற வேண்டும். துணியைக் கண்டால் எந்த வத்தையும் மாடு ஏற்றக் கூடாது. நோய் போன பின், மாடு தப்பியவன் மாடு இழந்தவனுக்கு ஒரு கன்று கொடுக்க வேண்டும்.

நெடுந்தீவின் துணியை என்னிடம் தந்தார்கள். வீடு துறையடியில் இருந்ததால் தந்தார்கள். வேறு பெருமை ஒன்றும் இல்லை.

சில வருடம் துணிக்கு வேலை இருக்கவில்லை. பிறகு அந்த மழை வந்தது.

மழைக்குப் பிறகு புதுப்புல்லைத் தின்றால் மாடு கழியும். காய்ந்த புல்லுக்குப் பழகிய வயிறு அல்லவா? நாங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. என் சிவலைப் பசு கழிந்தது. புல்லுக் கழிச்சல் என்று நினைத்தேன்.

நினைத்தேனா?

மறுநாள் காலையில் அதன் கண்ணில் பீளை. வாயிலிருந்து நூல் நூலாக வீணீர். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தவிடு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக... விரலால் தொட்டேன். தோல் கழன்று வந்தது.

தோளில் கிடந்த துண்டால் அதன் வாயைத் துடைத்தேன்.

பின்னால் மனைவி நின்றாள்.

"ஏன் வாயைத் துடைக்கிறியள்?"

"ஈ மொய்க்குது."

"புல்லுக் கழிச்சல்தானே?"

"ஓம்."

அவள் பசுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

புல்லுக் கழிச்சல் என்றால் வாயை ஏன் துடைத்தேன்? பின்வளவில் மறைவாக ஏன் கொண்டுபோய்க் கட்டினேன்? கேளுங்கள்... நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பயம்! வேறு ஒன்றும் இல்லை. போன முறை முதல் மாடு விழுந்த வீட்டுக்காரனின் கல்வேலியை ஊரார் இடித்தார்கள். அவன் கிணற்றில் ஒருவரும் தண்ணீர் அள்ளவில்லை. அவன் பிள்ளைகள் போகும் வழியெல்லாம் மற்றப் பிள்ளைகள் "வெக்கை, வெக்கை" என்று கத்தினார்கள். கடைசியில் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டான். அந்த வேலியில் நானும் கல் தள்ளியவன். எனக்குத் தெரியாதா, எனக்கு என்ன நடக்கும் என்று?

அன்றுதான் அனலைதீவு வத்தை வந்தது. கொண்டுவந்தவன் கதிரேசு. நல்ல மனிதன், வாய்க்காரன். துறையில் எருதுகளைக் கால் கட்டி ஏற்ற நின்றார்கள். என் எருதுச் சோடியும் அங்கே நின்றது. கதிரேசு கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணை, துணி ஒண்டும் இல்லைத்தானே?"

"ஏன், உமக்குக் கண் தெரியாதோ?"

"கண் தெரியும். உங்கடை முகந்தான் செத்த வீடு மாதிரிக் கிடக்கு. அதுதான் கேட்டனான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஒண்டும் இல்லை. ஏத்தும்" என்றேன்.

ஏற்றினார்கள். பாய் விரிந்தது. துணி என் கூரை வளையில் செருகியபடி இருந்தது. அப்போதுகூட ஏற்றியிருக்கலாம்! அவன் திரும்பிப் பார்த்தால் தெரிகிற தூரம்தான். நான் வளவுக்குள் போய்ப் படலையைச் சாத்திக்கொண்டேன்.

சிவலை செத்தது. ஆள் நடமாட்டம் இல்லாத உச்சி வெயிலில் புதைத்தேன். பாம்பு தீண்டியது என்று சொன்னேன். பிறகு மற்ற வளவுகளிலும் மாடு விழத் தொடங்கியது. அப்போது துணியை ஏற்றினேன். ஊரார் பார்க்க ஏற்றினேன்!

அனலைதீவில் எருதுகள் உழுத சாலிலேயே விழுந்தனவாம். ஆணும் பெண்ணுமாக மண்வெட்டியால் கொத்திப் பார்த்தார்களாம். மழை காத்திருக்குமா? அந்த வருடம் அங்கே நெல் இல்லை. பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழோடு காலம் போனது. இங்கே வைக்கோல் வரவில்லை. நோய்க்குத் தப்பிய மாடுகளைப் பசி கொன்றது.

துறையில் ஒவ்வொரு பாயும் இறங்கும்போது வேலிக்குள் நின்று பார்ப்பேன். யாரோ ஒருவன் என் பெயரைச் சொல்லிக்கொண்டு வரப்போகிறான் என்று. ஒருவனும் வரவில்லை.

கதிரேசுதான் வந்தான். ஒரு நாகு கன்றைக் கயிற்றில் பிடித்தபடி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"இது உங்களுக்கு, அண்ணை."

"எனக்கேன்? உம்முடை ஊர் ஆக்களுக்குக் குடுமன்."

"நான் குடுத்தா அங்கை ஒருத்தரும் வாங்காயினம்." தலையைக் குனிந்தான். "அந்த மழைக்கு முன்னம் ஊர்காவற்றுறைக்கு மாட்டுத்தோல் ஏத்திக்கொண்டு போனனான். வத்தையைக் கழுவேல்லை. அதிலைதான் உங்கடை எருதுகளை ஏத்தினனான். இஞ்சை நோய் வந்ததும் அதாலைதான் இருக்கும். ஊர் என்னைத்தான் சொல்லுது. சொல்லட்டும், சரிதானே? உங்கடை சோடியையும் நான்தான் கொண்டுபோய்ச் சாக்காட்டினனான், அண்ணை."

சொல்ல வேண்டிய இடம் இதுதான்! ஒரு சொல் போதும்... என் மனைவி அடுப்படி வாசலில் நின்றாள். அவளும் அந்தச் சொல்லுக்குத்தான் காத்து நின்றாள்.

நான் கயிற்றை வாங்கினேன்.

"பரவாயில்லை, கதிரேசு. தெரியாமல் நடந்ததுதானே" என்றேன்.

நான் அவனை மன்னித்தேன்! கேட்டீர்களா? நான்... அவனை!

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மனைவி உள்ளே போனாள். கண் மூடும்வரை அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கன்று வளர்ந்து ஈன்றது. அவள் அதன் பாலைத் தொடவில்லை. நான் குடித்தேன்.

கதிரேசு இன்னும் இருக்கிறான். கிழவனாகிவிட்டான். நெடுந்தீவுக்கு வந்தால் என் வீட்டுக்கு வராமல் போகமாட்டான். உட்காரக் கதிரை எடுத்துப் போடுவேன். இருக்கமாட்டான்.

"இந்த வீட்டிலை இருக்கிறதுக்கு எனக்கு என்ன முகம் கிடக்கு, அண்ணை?" என்பான்.

நேற்றும் வந்தான். வெயிலில், முற்றத்தில், தடியை ஊன்றி நின்றான்.

"இரும்" என்றேன்.

சொல்ல வேண்டியதை நேற்றும் விழுங்கிக்கொண்டு, கதிரையை அவன் பக்கம் தள்ளினேன்.