இல்லாத புறாக்களுக்கு மருந்து

தன் பார்லரில் தலைக்குச் சாயம் பூசி முடித்ததும் ரேலீன் நாற்காலியைக் காலால் ஒரு தள்ளு தள்ளுவாள். அது அரைவட்டம் சுற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியை விட்டு மீன்தொட்டியைப் பார்த்து நிற்கும். "உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா சாயம் ஏறாது கண்ணு, மீனப் பாரு" என்பாள். எங்கள் ஊர் பபிண்டாவில் தலை நரைத்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தத் தொட்டியின் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும்.

தெருவைப் பார்த்த சன்னலோரம் தொட்டி இருக்கிறது. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். பின்பக்கம் முழுக்க நாடா மாதிரி உயரமான செடிகள், நடுவில் ஒரு கட்டை, அதன்மேல் பச்சைப் பாசி. உள்ளே, குட்டி போட்டுப் பெருகுகிற சின்னச் சின்னக் கப்பி மீன்கள். முடி வெட்டி மழுங்கிப்போன கத்தரிக்கோலால்தான் செடிகளையும் வெட்டுவாள். முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, "ஐயோ, உனக்கு முன்முடி கண்ணுல விழுதேடி" என்று செடியிடம் பேசுவாள். இடக்கைக்காரி. அவள் வைத்த கத்தரியை வேறு யாரும் எடுத்து வெட்ட முடியாது.

இவள் கீத் மல்கேயின் மூன்றாவது மகள். கீத் சர்க்கரை ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டியவர். அம்மா பெவ், பாஸ்கோ வீட்டுப் பெண். மல்கேக்களுக்குக் கை ஓயாது, பாஸ்கோக்களுக்கு வாய் ஓயாது. இவளுக்கு இரண்டு பக்கமும் குறைவில்லாமல் வந்திருக்கிறது. அக்கா ஜனெல் டென்னிஸைக் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவில் இருக்கிறாள்.

வாய் ஓயாதவள்தான், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ரேலீனின் வாய் பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் பேன் இருந்தால் சீப்பை எடுத்த மறுநொடி அவளுக்குத் தெரிந்துவிடும். "இவளுக்குத் தலை ரொம்ப வறண்டுபோயிருக்கு, பின்னாடி வா தங்கம், அலசி விடுறேன்" என்று பார்லர் முழுக்கக் கேட்கச் சொல்லுவாள். பின்னால் கூட்டிப்போய் மருந்து தேய்ப்பாள். போகும்போது அம்மாவின் பையில் ஒரு பேன்சீப்பு எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கோல் ட்ரெசைஸ் விஷயத்தில் அந்தப் பூட்டு வேலை செய்யவில்லை. கோல் தீவனக் கடைக்காரன். முன்பு கடையின் ஒரு மூலையில் மீனும் விற்றான். நான்கு வருடத்துக்கு முன்னால் அவன் மீன்களுக்குக் குடலில் புழு வந்தது. ரேலீன் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். "அவன்கிட்ட வாங்காதீங்க. அசிங்கம் புடிச்ச தொட்டி. புதுசா வந்த மீனத் தனியா ஒரு வாளியில வச்சுப் பாக்கணும்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்." எங்கள் ஊர் மழைக்காலம் நீளமானது, பேச்சு அதைவிட நீளமாகப் போனது. கோலிடம் மீன் வாங்க ஆளில்லை. அந்தக் கண்ணாடித் தொட்டிகளில் இப்போது நாய் பிஸ்கட் கொட்டி வைத்திருக்கிறான்.

போன நவம்பரில் என் தம்பி வின்ஸுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. முன்னறையில் கட்டில் போட்டார்கள். பேச்சும் பாதிதான் வருகிறது. தம்பி பெண்டாட்டி நோலா வாரம் தவறாமல் ரேலீனிடம் தலை அலசப் போகிறவள். விஷயம் கேட்டதும் ரேலீன் கட்டில் காலடியில் ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள், தன் செடியிலேயே பிடுங்கி நட்டாள், தன் கப்பிகளில் ஒரு பிடி விட்டாள். காசு என்று நோலா வாயெடுத்தபோது, "போங்க நோலா, அங்க எனக்குக் குட்டி தாங்கல" என்றாள். வின்ஸ் விடிந்ததிலிருந்து அடையும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் ரேலீன் டவுன்ஸ்வில் நகரத்துச் சந்தையில் நீல வால் வைத்த ஓர் ஆண் கப்பியை வாங்கி வந்திருந்தாள். அழகில் மயங்கிப்போய், வாளியும் இல்லை தனி வைப்பும் இல்லை, நேராகத் தொட்டியில் விட்டுவிட்டாள். கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள், ஒரு தாய் கப்பியின் பின்துளையிலிருந்து சிவப்பு நூல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மீன் அசைந்ததும் நூல் உள்ளே போய்விட்டது. பிறகு பார்த்தால் இன்னொன்றுக்கும் இருந்தது. நன்றாகத் தின்கிற மீன்களுக்கு வயிறு ஒட்டிக் கிடந்தது.

முதலில் பூண்டைத்தான் நம்பினாள். பூண்டுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். நசுக்கிச் சாறெடுத்து மீன் தீனியில் ஊறவைத்துப் போட்டாள். பார்லருக்குள் நுழைந்தால் பீட்ஸா கடை வாசம் அடித்தது. "என்ன ரேலீன், முடிக்குப் பூண்டா தேய்க்குற?" என்று கேட்டவர்களிடம், "மத்தியானச் சாப்பாடு, கண்ணு" என்றாள். புழுக்களுக்குப் பூண்டு பிடித்திருந்தது போலும், ஒன்றும் குறையவில்லை. உப்புப் போட்டால் செடி கருகும். மிச்சமிருந்தது புறாவுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்து ஒன்றுதான். அது செடியைத் தொடாது, மீனையும் கொல்லாது, புழுவை மட்டும் மரத்துப்போகச் செய்து வெளியே தள்ளும். ஊரில் அது கிடைக்கிற ஒரே இடம் கோலின் கடை.

ஜனவரியில் அவள் அங்கே போனபோது நான் கோழித் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"புறா மருந்து ஒரு பாட்டில்" என்றாள் ரேலீன், விலை எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டே.

"புறாவா? யாரு புறா?"

"மச்சானோடது. டென்னிஸ்."

"டென்னிஸ் புறா வளத்தது சூறாவளிக்கு முன்னாடியாச்சே. கூண்டோட பறந்து போனத நானே பாத்தேன்."

"இப்போ மறுபடி வளக்குறாரு."

கோல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நாலு வருடக் கணக்கு அவன் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். நாய் பிஸ்கட் தொட்டிகள் அவளுக்கு நேர் பின்னால் இருந்தன. பழி தீர்க்க ஒரு வார்த்தை போதும். அவன் பாட்டிலை எடுத்துக் காகிதத்தில் சுற்றினான்.

"மச்சான்கிட்ட சொல்லு, மருந்து விட்டதும் புறாவ ஒரு நாள் இருட்டுல வைக்கணும். வெளிச்சம் பட்டா மருந்து செத்துரும். ஃபில்டர்ல கரி இருந்தா முன்னாடியே எடுத்துடணும், இல்லன்னா அது மருந்த உறிஞ்சிரும்."

"புறாவுக்கு ஏது ஃபில்டர்?" என்று கேட்டுவிட்டேன் நான்.

"டென்னிஸுக்குத் தெரியும்" என்றான் கோல், என் பக்கம் திரும்பாமலே. "மறுநாள் கீழ விழுந்து கெடக்குறத எல்லாம் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கணும். அதுல உயிர் இருக்கும். மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அப்புறம் ரேலீன்..."

"என்ன?"

"அந்தப் புறாக் குஞ்ச யாருக்காச்சும் குடுத்திருந்தா, அவங்களுக்கும் சொல்லிடச் சொல்லு."

ரேலீனின் முகம் காதுவரை சிவந்தது. பேன் பிடித்த பிள்ளையின் அம்மாவைப் போல பையைத் திறந்து காட்டினாள், கோல் பாட்டிலை உள்ளே போட்டான். அவள் தொட்டியில் ஏதோ கோளாறு என்றமட்டும் எனக்கு விளங்கியது. தம்பி வீட்டு மீன் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளுக்கு வந்திருக்கும்.

மறுநாள் பார்லர் தொட்டியை ஒரு பெரிய கோடுபோட்ட துண்டு மூடியிருந்தது. கேட்டவர்களிடம், "மீனுக்கு ஓய்வு" என்றாள். மருந்துக்கு ஒரு நாள் இருட்டுப் போதும். ஆனால் அடுத்த வாரமும் துண்டு அப்படியே இருந்தது, அதற்கடுத்த வாரமும் இருந்தது. துண்டை எடுத்தால் நோலா மீனைப் பார்ப்பாள், பார்த்தால் வின்ஸின் மீனைப் பற்றிப் பேசுவாள். நாற்காலிகளை ரேலீன் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அவள் துண்டின் ஓரத்தைத் தூக்கித் தீனி போடுகிறபோது நான் பார்த்தேன், புழு போய் மீன் தேறியிருந்தது, வெளிச்சமில்லாமல் செடிகள் பழுத்துக் கரைந்துகொண்டிருந்தன.

நோலா எப்போதும்போல் வந்து, தொட்டியைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், அலசிக்கொண்டு போனாள். அதை ரேலீன் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்பாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் சாயம் பூசிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நோலா தலை அலசும் பேசினில் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ரேலீன் வெந்நீரைத் திறந்தாள்.

"ரேலீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா வாய் வரல" என்றாள் நோலா. "நீ ஆசையாக் குடுத்த மீன நான் சரியாப் பாத்துக்கல. ஒவ்வொண்ணா இளச்சுச் செத்துப்போகுது. அவரு தூங்கறப்போ எடுத்துத் தோட்டத்துல பொதைச்சுடறேன். எங்க மிச்சமெல்லாம்னு கேட்டா, செடிக்குள்ள ஒளிஞ்சிருக்குங்கன்னு சொல்றேன். என் வீட்டுல என்ன அழுக்கோ தெரியல. உன் மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு."

ரேலீனின் இடது கை நோலாவின் முடிக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"உங்க வீட்டு அழுக்கு இல்ல நோலா" என்றாள் கடைசியில். "என்னோடது. நான் குடுக்கும்போதே அதுங்க வயித்துல புழு இருந்திருக்கு."

நோலா கண்ணைத் திறக்கவில்லை. "ஒனக்கு எப்போ தெரியும்?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி."

"தண்ணி சுடுது ரேலீன்" என்றாள் நோலா.

ரேலீன் பதறிக் குழாயை மூடினாள். தலை துவட்டிய நோலா கண்ணாடிகூடப் பார்க்காமல், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். என் சாயத்தை அலசும்போது ரேலீன் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

அன்று சாயங்காலம் நான் தம்பி வீட்டில் இருந்தபோது ரேலீன் வந்து கதவைத் தட்டினாள். மழையங்கியின் பையில் பாட்டில் இருந்தது. அக்குளில் அந்தக் கோடுபோட்ட துண்டு இருந்தது. நோலா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. ரேலீன் நேராகக் கட்டிலருகே போனாள்.

"வின்ஸ், உங்க மீன் செத்துக்கிட்டிருக்கு. நான்தான் காரணம். எனக்குத் தெரிஞ்சும் சொல்லல."

வின்ஸ் வார்த்தையைத் தேடி எடுத்தான். "செத்தது... தெரியும். எண்ணிக்கிட்டுத்தானே... படுத்திருக்கேன்." வாயின் ஒரு ஓரம் மட்டும் சமையலறைப் பக்கம் கோணியது. "செடிக்குள்ள ஒளிஞ்சா... ஒரு தடவையாச்சும்... வெளிய வரணுமில்ல?"

நோலா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தொட்டியில் ஐந்து மீன்கள் மிச்சமிருந்தன. ரேலீன் ஃபில்டரிலிருந்த கரியை எடுத்தாள். மருந்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, தொட்டி முழுக்கப் பரவும்படி ஊற்றினாள். விளக்கை அணைத்தாள். துண்டை விரித்து நான்கு பக்கமும் வெளிச்சம் புகாதபடி இழுத்து மூடினாள்.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றாள்.

"அதுவரைக்கும்... நான் எதப் பாக்குறது?" என்றான் வின்ஸ்.

ரேலீன் சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துவந்து, கட்டிலுக்கும் மூடிய தொட்டிக்கும் நடுவில் போட்டு, அவன் பார்வைக்கு நேராக உட்கார்ந்தாள். நனைந்த முடியைச் சரிசெய்ய ஒரு தடவை கை மேலே போனது. பாதியில் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் பார்க்கட்டும் என்று முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.