வத்தலக்குண்டு வண்டிக் கண்டக்டரின் ஆட்டம்

போன மார்கழியில் பதினோரு நாள் எங்கள் வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் பேச்சு இல்லை. சோறு வைப்பேன், சாப்பிடுவார், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். சண்டை எதற்கென்றால், அறுபத்தேழு வயதில் அவர் ஒரு வெள்ளைக்கார தேசத்து ஆட்டம் பழகப் போனார். போனதோடு நிற்காமல், அதில் பெண் ஆட வேண்டிய பக்கத்தை ஆடினார். அதையும் ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டி உட்கார வைத்து ஆடிக் காட்டப் போகிறேன் என்றார். ஆடினால் நான் எரியோட்டில் என் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். இந்தச் சுந்தரம்மாள் சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

அவர் பெயர் முத்துக்கிருஷ்ணன் என்று ரேஷன் கார்டில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர். அதில் பதினெட்டு வருஷம் ஒரே டிரைவர், தங்கமுத்து அண்ணன். அந்தக் காலத்து வண்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிகிற நேரத்திலேயே பூ மூட்டை ஏறிவிடும்; வண்டி முழுக்க மல்லிகை வாசம். அப்புறம் தக்காளிக் கூடை, முருங்கைக்காய்க் கட்டு, கொடைக்கானல் மலைக்குப் போகிற கம்பளிக்காரர்கள். இத்தனைக்கும் நடுவில் எதையும் பிடிக்காமல் நிற்பார். ஒரு கையில் டிக்கெட் கட்டு, ஒரு கையில் சில்லறை, வாயில் விசில். வளைவில் சனமெல்லாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்கிறபோது இவர் மட்டும் சாயமாட்டார். தங்கமுத்து அண்ணன் பிரேக்கில் கால் வைக்கிறதுக்கு முன்னமே இவருடைய முழங்கால் மடிந்திருக்கும்.

"எப்படிங்க தெரியுது?" என்று கேட்டால், "அவரு ஆக்சிலேட்டர விடுறப்பவே காலுக்குத் தெரிஞ்சுரும்ல" என்பார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அந்த வண்டியில் வத்தலக்குண்டு போனேன். எனக்கும் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த சீட்டுக்குப் போனார். கோபம்தான் எனக்கு. ஆனால் இறங்குகிற வரைக்கும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். காக்கிப் பேன்ட்டுக்குள் இரண்டு காலும் எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வண்டியும் அந்தக் கால்களும்தான் முதலில் வருகின்றன.

ரிடையர் ஆனார். தரை ஆடாமல் இருப்பது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்படி வாசலில் காலை அகட்டி நிற்பார், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் போய்ப் படுப்பார். டிவி முன்னால் உட்கார்ந்தால் டிவி ஓடும், இவர் ஓடமாட்டார். வருஷம் ஆக ஆகப் பேச்சும் குறைந்தது. அப்படியே எட்டு வருஷம் போனது. ஒரு மனுஷன் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேத்திக்குக் காது குத்தப் பழனி ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தைப் பார்க்கப் போனவர்தான், மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டு மேலே ஏறியிருக்கிறார். கல்யாண பேண்டு செட்டில் ஊதுகிற மாதிரி டிரம்பெட்டு, அதற்கு மேல் துள்ளுகிற டிரம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவள் ஜெஸ்ஸி. திண்டுக்கல் பெண்தான், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டாளாம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வகுப்பு. ஆடியும் மார்கழியும் வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம்.

வாசலில் நின்றவரின் முழங்கால் தானாகவே மடிந்து மடிந்து எழுந்ததாம். ஜெஸ்ஸி பார்த்துவிட்டாள்.

"அங்கிள், நீங்க ஏற்கெனவே ஆடிட்டுதான் இருக்கீங்க. உள்ள வாங்க."

அந்த ஆட்டத்தில் ஒருத்தர் கையைப் பிடித்து வழி காட்டுவார். இன்னொருத்தர் அந்தக் கை சொல்கிறபடி போவார். வழக்கமாக ஆண் வழி காட்டுவது, பெண் போவது. இவரை ஆண் பக்கம் நிறுத்தினார்கள். ஐந்து வகுப்பு போனது, ஒன்றும் வரவில்லை. எதிரே நிற்கிற பெண் நகரட்டும் என்று இவர் காத்திருப்பார். இவர் நகர்த்தட்டும் என்று அவள் காத்திருப்பாள். ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்களாம்.

ஆறாவது வகுப்பில் ஜெஸ்ஸி ஒரு வேலை செய்தாள். அறிவுச்செல்வி என்று உயரமான நர்ஸ் பிள்ளை ஒன்று வகுப்புக்கு வரும். அவளை வழி காட்டச் சொல்லி, இவரைப் பின்னால் போகச் சொன்னாள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை கையை அசைக்கிறதுக்கு முன்னமே இவர் கால் போனது. சுற்றிவிட்டால் சுற்றினார், நிறுத்தினால் நின்றார், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. வகுப்பே நின்று பார்த்ததாம்.

அதற்கப்புறம் வீட்டில் மனுஷன் திரும்ப வந்தார். கீரை வாங்கி வந்தார், பாட்டை முணுமுணுத்தார், பழைய பஸ் கதையெல்லாம் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். ஏதோ உடற்பயிற்சி போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் ஆடுகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சொன்னது தங்கமுத்து அண்ணன்தான். ரேஷன் கடை வரிசையில், அத்தனை பேர் முன்னால்.

"ஏ தங்கச்சி, முத்து பொம்பளை ஆட்டம் ஆடுறானாம்ல. சேலைய நீதான் கட்டி விடுறியா?"

வரிசையே சிரித்தது. வீட்டுக்கு வந்து பாமாயிலைக் கீழே வைக்கும் முன்னமே ஆரம்பித்தேன்.

"இத்தன வயசுக்கு மேல பொம்பளை வேசம் கட்டுறீங்களோ?"

"வேசமெல்லாம் இல்லத்தா. பேன்ட்டு சட்டைதான்."

"அந்த நர்ஸ் புள்ள இழுத்த இழுப்புக்குப் போறீங்களாம்ல."

"அதுதான் எனக்கு வருது. என்னைய என்ன செய்யச் சொல்ற?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை சனத்துக்கு முன்னால ஆடுனீங்கன்னா, திங்கக்கெழமை நான் எரியோட்டுல இருப்பேன்."

அன்றைக்கு நின்ற பேச்சுதான் அந்தப் பதினோரு நாளும்.

நான்காம் நாள் நேரே மண்டபத்துக்குப் போய் மாடி ஏறினேன். ஜெஸ்ஸி தனியாகத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்த வெள்ளைக்காரன் ஆட்டத்தையெல்லாம் எங்கள் வீட்டில் ஏன் கொண்டுவந்து விடுகிறாய் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இது வெள்ளைக்காரங்க ஆட்டம் இல்லம்மா. கறுப்பு சனங்களோடது. அமெரிக்காவுல அவுங்களோட தாத்தா பாட்டியெல்லாம் அடிமையா இருந்தவுங்க. நியூயார்க்ல ஹார்லெம்னு ஒரு பேட்டை. நூறு வருசத்துக்கு முன்னாடி அங்கதான் இத ஆடுனாங்க. லிண்டி ஹாப்னு பேரு."

"அம்புட்டுக் கஷ்டத்துலயும் ஆட்டமா?"

"பகல்ல அடுத்தவுங்க வீட்டு அடுப்படியில வேலை. சாயங்காலமான்னா ஆட்டம். சவாய்னு ஒரு பெரிய ஹால். மத்த ஹால்ல எல்லாம் கறுப்பர்கள உள்ள விடவே மாட்டாங்க, இல்ல ஒதுக்கி நிறுத்துவாங்க. இங்க மட்டும் ரெண்டு நிறத்துக்காரங்களும் ஒரே தரையில ஆடலாம். வியாழக்கெழமை வீட்டு வேலைக்காரங்களுக்கு லீவு நாளு. அன்னைக்கு அந்த ஹாலே அவுங்களுக்குத்தான்."

நான் சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தவள். சோற்றுப் புகையில் வெந்தவர்களுக்கென்று ஒரு நாளா என்று மனதுக்குள் ஓடியது. அவளிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இதச் சொன்னப்ப அங்கிள் என்ன சொன்னாரு தெரியுமாம்மா? 'நம்ம பஸ்சு மாதிரியா'ன்னு கேட்டாரு."

எனக்கு அது புரிந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு ஊர் ஸ்டாப்பில், காலிச் சீட் இருந்தாலும் சில பேர் உட்காரக் கூடாது, நின்றுகொண்டுதான் வரவேண்டும் என்று வழக்கம் வைத்திருந்தார்கள். இவர் வண்டியை நிறுத்தி, "டிக்கெட் எடுத்தவுக எல்லாம் உக்காருங்க. உக்கார்ந்தாத்தான் விசிலு" என்று நின்றுகொண்டார். முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. தங்கமுத்து அண்ணனும் இவர் விசில் இல்லாமல் கியரைத் தொடவில்லை. கடைசியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"கறுப்பு சனத்துலயும் ஆம்பளை பொம்பளை பக்கம் ஆடியிருக்காகளா?" என்று கேட்டேன்.

"ஆம்பளையும் ஆம்பளையும் ஜோடி சேர்ந்து பழகியிருக்காங்கம்மா. அப்ப ஒருத்தரு பின்னால போயித்தான ஆகணும்."

"எல்லாம் சரித்தான்மா. அவுக ஊர்ல தங்கமுத்து அண்ணன் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பிடித்த பிடியை நான் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவள் இல்லை.

பத்தாம் நாள் அவரே வாயைத் திறந்தார். "ஜெஸ்ஸிட்ட சொல்லிட்டேன். நான் வரலைன்னு." அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டேன். முருங்கைக்கீரையை எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக ஆய உட்கார்ந்தேன். அவர் ஜன்னலோரம் போய் நின்றார். பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற வண்டியில் கம்பி பிடிக்காத மனுஷன், ஓடாத வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீரையில் கை ஓடவில்லை எனக்கு. அப்போதும் போய்ப் பேசியிருக்கலாம். பேசவில்லை. விட்டுக்கொடுப்பது எப்படி என்று எனக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தங்கமுத்து அண்ணன் வந்தார். வந்தவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் முத்து. நல்ல வேளை, மானம் தப்பிச்சுச்சு. ஒரு பொட்டப்புள்ள கையக் காட்டுனா அது பின்னாடி போறதெல்லாம் ஆம்பளைக்கு அழகாடா?"

இவர் தலையைக் குனிந்தார். அண்ணன் சொன்னது ஒன்றும் புதிதில்லை, பதினோரு நாளைக்கு முன்னால் நான் சொன்னதுதான். அடுத்தவர் வாயிலிருந்து வந்து இவர் மேல் விழுகிறபோதுதான் அது எனக்குக் கூசியது.

"ஏண்ணே," என்றேன். "பதினெட்டு வருசம் நீங்க ஒடிச்ச பக்கமெல்லாம் இவரு பின்னாடிதான நின்னு வந்தாரு. அப்ப மட்டும் இவரு ஆம்பளையா?"

"அது வேல, தங்கச்சி."

"எம்புட்டுப் பேரு விழுந்தாக உங்க வண்டில. இவரு ஒரு நாள் விழுந்தாரா? அந்தக் கால வச்சுத்தான இப்பவும் ஆடுறாரு. அதுல என்ன ஆம்பளை, என்ன பொம்பளை?"

நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டியிருக்கு. எடுத்துப் போடுங்க. நாலரைக்கு அங்க இருக்கணும்."

"வரலைன்னு சொல்லிட்டேனேத்தா."

"நான் சொல்லிக்கிறேன். கெளம்புங்க."

கிளம்பினார். நான் சொல்லி அவர் கிளம்பாமல் இருந்ததே கிடையாது.

"அண்ணே, நீங்களும் வாங்க. ரேசன் கடையில சொன்னீகள்ல, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அவரையும் விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். ஜெஸ்ஸி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அறிவுச்செல்வியின் முதுகைத் தட்டி முன்னால் அனுப்பினாள். கூடம் முழுக்கச் சனம். முன் வரிசையில் அண்ணனும் நானும் உட்கார்ந்தோம்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் பின்னால் நான்கைந்து பேர் சிரித்தார்கள். அது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்டிருக்காது. அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முழங்காலைத் தளர்த்தி, அந்தப் பிள்ளையின் கையில் தன் கையை வைத்திருந்தார். அவள் இழுத்தாள், போனார். திருப்பினாள், திரும்பினார். ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிராகப் பின்னால் சாய்கிற இடம் ஒன்று வந்தது. ஒருத்தர் விட்டால் இரண்டு பேரும் விழவேண்டியதுதான். அந்தச் சாய்ப்பில் அவர் முகம், பூ மூட்டை ஏற்றிய காலை நேரத்தில் நான் பார்த்த முகமாக இருந்தது. சிரிப்புச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். தங்கமுத்து அண்ணன் முன்னால் குனிந்து உட்கார்ந்து, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார், செருப்பு வளைகிற மாதிரி.

"அண்ணே, காலை எடுங்க" என்றேன். "இப்ப ஓட்டுறது அந்தப் புள்ள."