தாழ்ப்பாள் போட்ட ஞாயிறு

தாம்பரம் பக்கம் ஒரு லேபில் எனக்கு வேலை. மூளை ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்களைத் தட்டில் வளர்ப்பேன். ரத்தத்தில் வரும் கண்டதையும் மூளைக்குள் விடாமல் தடுக்கும் மதில் அவை. அழற்சியைக் கிளப்பும் புரதத்தையும், கொலஸ்டிரால் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளையும் அவற்றின் மேல் ஊற்றுவேன். நிதானமாகச் சர்க்கரையை எரித்துக்கொண்டிருந்த செல்கள் வெறிபிடித்ததுபோல் சர்க்கரையை அள்ளி விழுங்கி அமிலம் கக்கும். ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளரும். ஊற்றியபின் தட்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைவரை அதைத் திறக்கக்கூடாது. அது எங்கள் லேப் வழக்கம்.

அந்த ஞாயிறு காலை, எங்கள் கீழ்க்கட்டளை வீட்டில், அண்ணன் இட்லியைத் தட்டோடு சுவரில் அடித்தான். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் அவனுக்கு வேலை. குடியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு வாரமாகக் காதில் சீழ், இரண்டு நாளாகக் காய்ச்சல். தட்டை எடுக்கக் குனிந்த அண்ணியின் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். அவள் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "மறுபடியும் குடிச்சிருக்கியா?" என்று கத்திக்கொண்டே பூரிக்கட்டையால் அவன் தோளில் போட்டேன். அவன் என் கையைக் கவ்வினான். பல் சதைக்குள் இறங்கியது, விடவே இல்லை. இன்னொரு கையால் மாற்றி மாற்றி அறைந்தேன். அவன் குடித்த வருடங்களுக்கெல்லாம் சேர்த்து அறைந்தேன். அடிக்க அடிக்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அண்ணியும் நானுமாக அவனை அறைக்குள் தள்ளினோம். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

"உடம்பு கொதிக்குதும்மா, டாக்டர்கிட்ட போலாம்" என்றாள் அண்ணி.

"தெளியட்டும் அண்ணி. நாளைக்குக் காலைலதான் தொறக்கணும்."

மதியம்வரை கதவை உதைத்தான், தலையால் முட்டினான். பிறகு சத்தம் நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு அண்ணி என்னைக் கேட்காமல் திறந்தாள். வலிப்பில் உடம்பு தரையில் அடித்துக்கொண்டிருந்தது, வாயெல்லாம் ரத்த நுரை. வலிப்பு அடங்கியதும் தலையைத் தூக்கினேன். கழுத்து வளையாமல் முதுகும் சேர்ந்து எழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டில் நான் தினமும் உடைக்கும் மதில் இவன் தலைக்குள் உடைந்துகொண்டிருக்கிறது. அவன் வாயில் சாராய வாடை துளிகூட இல்லை. காலையில் அவ்வளவு நெருங்கிச் சண்டை போட்டேனே, என் மூக்கு எங்கே போயிருந்தது?

காதுச் சீழ் உள்ளே ஏறி மூளைக்காய்ச்சல்; காலையில் அவனை ஆட்டிவைத்ததும் அதுதான். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு காதும் போய்விட்டன. "காலைலயே வந்திருந்தா காது தப்பிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு அந்த நாளே நினைவில் இல்லை. வீடு திரும்பிய வாரம் என் கையைப் பிடித்துத் திருப்பினான். தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்: "இன்னா தழும்பு இது? எவன் கடிச்சான்? சொல்லு, அவன் பல்ல ஒடைக்கிறேன்!"

"நீதான் கடிச்ச. நான்தான் உன்ன உள்ள போட்டுப் பூட்டினேன்" என்றேன், அவன் முகத்துக்கு நேராக.

அவன் என் உதட்டையே பார்த்தான். பிறகு நோட்டையும் பேனாவையும் நீட்டினான்.

'லேப் எலி' என்று எழுதிக் கொடுத்தேன்.