விசுவமடுவில் சவுனா: உள்ளே அவர், வெளியே நான்

போன பங்குனியில் நானும் கணவரும் வவுனியாவிலிருந்து விசுவமடுவுக்குப் போய்வந்தோம். கோயிலுக்கோ கலியாணத்துக்கோ அல்ல, வேர்ப்பதற்கு. பங்குனி வெயிலில் வேர்க்கக் காசு கொடுப்பார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். பயம் விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அவருக்கு இரத்த அழுத்தம். நோர்வேயிலிருந்து திரும்பிய அவருடைய நண்பர் செல்வம், விசுவமடுவில் தன் காணியில் சவுனா கட்டியிருக்கிறார். பலகை அறை, அடுப்பு, அதன்மேல் சுட்ட கற்கள், எண்பது பாகைச் சூடு. கிழமைக்கு மூன்று தரம் இருந்தால் இரத்தக்குழாய் இளகும், பிறசர் இறங்கும், நல்ல நித்திரை வரும் என்று தொலைபேசியில் ஒரே கதை. கிளினிக் டொக்டரிடம் கேட்டேன். குளிர்நாடுகளில் ஒழுங்காகப் போகிறவர்களுக்கு இருதய வருத்தம் குறைவு என்று ஆய்வுகள் உண்டாம். ஆனால் அது சவுனாவால்தானா என்று அடித்துச் சொல்ல முடியாதாம். "பிறசர் கட்டுப்பாட்டிலதான் இருக்குது. பத்து நிமிசம் இருந்து பாக்கட்டும். தண்ணி நல்லாக் குடிக்கோணும், பிறசர்க் குளிசை மருந்தை நிப்பாட்டக் கூடாது" என்றார். எனக்கென்றால் பயம் போகவில்லை.

காலை ஆறு மணிக்கு வான் வந்தது. போய்வர பதினெட்டாயிரம் ரூபாய். ஏ9 வழியாகப் பரந்தன், அங்கே வலப்பக்கம் திரும்பித் தர்மபுரம், பிறகு விசுவமடு. நூறு கிலோமீற்றர் அளவில் வரும். கனகராயன்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். நான் வடை சாப்பிட, அவர் ஒன்றும் வேண்டாமென்று கடைக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குப் போனார். மாங்குளத்தில் மறுபடி இறங்கினார். கிளிநொச்சியிலும் இறங்கினார்.

"அண்ணை, சுகமில்லையோ? வானைத் திருப்பட்டோ?" என்று சாரதி ரவி கேட்டார்.

"நீ ஓடு தம்பி. இவாவின்ர பயம் உனக்கும் தொத்தீட்டுதே?"

சவுனாவுக்கு ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய். செல்வம் நீட்டிய தண்ணீரில் இரண்டு மிடறு குடித்துவிட்டு, என் கணவர் செல்வத்தோடு உள்ளே போனார். நான் வெளியே கதிரையைக் கதவோடு ஒட்டிப் போட்டு இருந்தேன். முதலில் இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு செல்வத்தின் குரல் மட்டும் கேட்டது. பிறகு, "டேய், எழும்படா! டேய்!"

கதவு திறந்தது. செல்வம் அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது, கண் செருகியிருந்தது. நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரவிதான் தூக்கி வானில் கிடத்தினார்.

பக்கத்து ஆசுப்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். கண் விழித்தவரிடம், "வயித்தாலை போனதோ?" என்று அங்கிருந்த இளம் பெண் டொக்டர் கேட்டார். வழியில் இறங்கி இறங்கிப் போனதை நான் சொன்னேன். என் கணவர் முகட்டைப் பார்த்தபடி, "ராத்திரிப் பேதி மருந்து குடிச்சனான். உடம்பைச் சுத்தமாக்கீட்டுத்தானே எந்த வைத்தியமும் செய்யிறது" என்றார். எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஆனால் பேதி குடித்த ஆளை வெயிலில்கூட இறங்க விடமாட்டோம். இந்த மனிதர் அடுப்புக்குப் பக்கத்தில் போய் இருந்திருக்கிறார்.

"உடம்பில தண்ணியே இல்லை அம்மா. அதோட பிறசர்க் குளிசை, அதுக்கு மேல இந்தச் சூடு. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா…" என்றார் டொக்டர்.

டொக்டர் போனதும் இவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன விசரே?"

"அண்ணை போன வயசு எனக்கு வாற மாசம் வருது. அதுக்குள்ள ஏதாவது செய்யோணும் எண்டு நினைச்சன்" என்றார். அவருடைய தமையன் ஐம்பத்தாறு வயதில் நித்திரையில் மாரடைப்பு வந்து இறந்தவர். அதைப் பற்றி இவர் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: சவுனாவில் பிழையில்லை, செல்வம் இன்றும் போகிறார். பிறசர், இருதய வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேளுங்கள். அளவாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துப் போங்கள். பேதி, விரதம், மது எடுத்த உடம்போடு வேண்டாம். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் வெளியே வந்துவிடுங்கள், தனியே போகாதீர்கள். பங்குனியை விட மார்கழி நல்லது.

திரும்பும்போது வானில் அவர் என் கையைப் பிடித்தார். இருபத்தெட்டு வருடத்தில் ஆட்களுக்கு முன்னால் என்னைத் தொட்டறியாத மனிதர், வவுனியா வரும்வரை விடவில்லை. எங்கள் வீட்டில் பயப்படுவது நான் ஒருத்திதான் என்று இவ்வளவு காலமும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.