பசுவந்தனை மினிபஸ்ஸில் புரோகிரசிவ் மெட்டல்

இன்று காலை கோவில்பட்டியில் பசுவந்தனை மினிபஸ் ஏறியதுதான் நான் செய்த பாவம்.

பெரியப்பா மகன் பரமசிவம் அண்ணன் கண்டக்டரிடம் பென்டிரைவை நீட்டினார். "எம் மவன் பாட்டு வந்துட்டு. போடுப்பா."

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். நாலு நாட்டுக்காரர்கள் சேர்ந்த புரோகிரசிவ் மெட்டல் குழுவில் கிடார். இது முதல் ஆல்பம். நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லையாம். அவரவர் வீட்டில் வாசித்து அனுப்பி ஒட்டியிருக்கிறார்கள். கேட்டாலே தெரிகிறது. ஒரு தாளம் காதில் ஏறுவதற்குள் அடுத்த தாளம் வந்து அதை மிதிக்கிறது.

முன்சீட்டு அம்மா திரும்பினார். "ஒங்க மவனா இப்படிக் கத்துதான்?"

"அது நார்வேக்காரன்."

"மேளம்?"

"பிரேசில்காரன். நம்மவன் கிடாரு."

"அப்ப நம்ம பய சத்தம் எது?"

அண்ணன் ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினார். "கிடாரே ரெண்டு பேரு வாசிக்காவ. இன்னொருத்தன் போலந்து."

பஸ்ஸில் சிரிப்பு கிளம்பியது. என் எம்.ஏ.வைக் கல்யாண வீடுதோறும் கேலி செய்தவர், என்னைப் பார்த்துக் கெஞ்சினார். "தம்பி, நீ படிச்சவன்லா. சொல்லேன்."

பழிதீர்க்க இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் வாய்தான் கேட்கவில்லை. "இந்தா, இப்ப வருதுல்லா, இதுதான்" என்று ஏதோ ஒரு இரைச்சலைக் காட்டினேன்.

"கேட்டியளா! அதான் எம் மவன்!"

இப்போது அந்த இடத்தை மட்டும் வெட்டி ரிங்டோனாக வைத்துத் தரச் சொல்கிறார்.

ஆல்பத்தைக் கேட்ட புண்ணியவான்கள் இருந்தால் சொல்லுங்கள், இரண்டு கிடாரில் நம்மவன் எது? நான் காட்டியது போலந்துக்காரன் என்றால் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.