காதுக் கருவியைக் காயவைத்த கதை

ஈரமான எதையும் சூட்டில் காட்டினால் சரியாகிவிடும் என்று நம்பும் முட்டாள் நான். தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து காயவைக்கும் ட்ரையர் அருகே நிற்பவனுக்கு வேறு என்ன நம்பிக்கை வரும்? அந்த நம்பிக்கையில்தான் என் மனைவியின் காதுக் கருவியைப் பால்மா டின் மூடியில் கிடத்தி, ட்ரையரின் சூடான காற்று வரும் வாயருகே வைத்தேன்.

முதல் நாள் மழையில் அது நனைந்திருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த பெட்டியில் போட்டுக் காயவைக்கத்தான் மனைவி போனாள். "குடு, பக்குவமா காயவச்சித் தாரேன்" என்று நான்தான் பறித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். இரண்டே நிமிடம் என்று நினைப்பு. அதற்குள் தொழிற்சாலையை நடத்தும் டீ மேக்கர் ஐயா கூப்பிட்டார். அவர் கதையும் என் கதையும் நீண்டன. திரும்பி வந்தபோது கருவி சுருங்கி, வறுத்த முந்திரிப்பருப்பாக மூடியில் கிடந்தது.

மனைவி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். "நல்லா காஞ்சிருக்கு" என்றாள். காது கேட்காதவளிடம் மன்னிப்புக் கேட்பது லேசான வேலையில்லை. நான் கத்திக் கத்திக் கேட்டதில் லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் விஷயம் தெரிந்தது. அவள் ஒருத்திக்குத்தான் கேட்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. அவளுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் தொட்டில் பிள்ளைகளை அவள்தான் பார்க்க வேண்டும். கருவி இல்லாவிட்டால், முதுகுப் பக்கம் பிள்ளை வீறிட்டாலும் அவளுக்குத் தெரியாது. தோட்டத்து நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மாசம் முடியிறதுக்குள்ள மெஷின் வரணும். இல்லன்னா வேற ஆளத்தான் போடணும். புள்ளைங்க விசயம், கோவிச்சுக்காதீங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை. அவள் ஐந்து தொட்டிலிலிருந்தும் ஐந்து நூலை இழுத்துத் தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். பிள்ளை உதைத்தால் நூல் இழுக்கும், அவள் எழுந்து போவாள். பொம்மலாட்டம் நடத்துகிறவளைப் போல அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் நான், அன்று நேரே வீட்டுக்குப் போய்க் கருவியின் கடதாசிகளைத் தேடினேன்.

நல்ல வேளை, கருவி வாங்கிய அன்றே மகள் அதற்குக் காப்புறுதியும் போட்டிருந்தாள். தொலைந்தாலும் உடைந்தாலும் மாற்றிக் கொடுப்பார்களாம். தாலி கட்டியவனே சுட்டெடுத்தால் என்ன என்பதற்கு மட்டும் அந்தக் கடதாசியில் ஒரு வரியும் இல்லை.

பக்கத்து வீட்டு லொறி டிரைவர் யோசனை சொன்னான். "மச்சான், உண்மையச் சொன்னா கவனக்குறைவுன்னு தள்ளிடுவாங்க. குரங்கு தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. நம்ம பக்கத்துக் குரங்குக்கு ஏலாதது ஒண்ணுமில்ல."

காப்புறுதிக்காரரைப் பார்க்கப் பெல்மதுளை டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் குரங்கை வளர்த்தேன். முதலில் அது ஜன்னலால் வந்தது. அடுத்த தரிப்பில் அதற்கு ஒரு குட்டி பிறந்தது. இறங்கும்போது காதில் கருவியோடு பலாமரத்தில் உட்கார்ந்திருந்தது.

காப்புறுதிக் காரியாலயத்தில் இருந்தது எங்கள் மகள் வயதுச் சிங்களப் பிள்ளை. பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது. குரங்குக் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தொலைஞ்சதுன்னா பொலிஸ் என்ட்ரி வேணும் அங்கிள், கொண்டாந்தீங்களா?" என்றாள். குரங்கின் மேல் முறைப்பாடு கொடுக்கப் பொலிஸில் நிற்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். ஐந்து நூலும் ஞாபகம் வந்தன. காலையில் மனைவி கடதாசியில் மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்ட முந்திரிப்பருப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அனே அங்கிள், குரங்கு இத பொரிச்சா சாப்பிட்டுச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேணும்னு செஞ்சீங்களா?"

"நல்லா வரணும்னு செஞ்சேன் மிஸ்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்து எழுதினாள்: தற்செயலான சேதம். இத்தனை வருட முட்டாள்தனத்துக்கு இப்போதுதான் ஒரு உத்தியோகபூர்வப் பெயர் கிடைத்தது. "மேலிடம்தான் முடிவு சொல்லும். கிடைச்சாலும் ஒரு தடவைக்குத்தான் அங்கிள்" என்றும் சொன்னாள். முடிவு வரும்வரை மூன்று வாரம் நான் ட்ரையருக்குப் பக்கத்தில் நின்றும் குளிர்ந்து போயிருந்தேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது புதுக் கருவி வந்தது. மறுநாள் பகல் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அவள் மணிக்கட்டில் நூல் இல்லை. பால் கொடுக்க வந்த தாய்மார் நான்கைந்து பேர் இருந்தார்கள். இவ்வளவு நாள் கத்திப் பழகிய அதே குரலில், நான் உண்மையைச் சொன்னபடியால்தான் கருவி கிடைத்தது, வேறொருவன் என்றால் பொய் சொல்லிக் கெடுத்திருப்பான் என்று வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"மெதுவா பேசுங்க, புள்ள தூங்குது."